யார் பொறுப்பு என்று கேட்போம்

"நம்மை எலியாக்கப் பார்க்கிறார்கள்!"

பெரிய ஆஸ்பத்திரியில் சேர்ந்திருக்கும் தொழிலாளியிடம், 'ஆராய்ச்சியில் சேர இசைகிறீரா?' என்று கேட்டு ஒரு தாளை நீட்டினால் முதலில் எழும் குரல் இதுதான். மனைவி அழுகிறாள். மச்சான் 'கையெழுத்துப் போடாதே' என்கிறான். பக்கத்துப் படுக்கைக்காரர் தாம் கேள்விப்பட்ட கதையையெல்லாம் எடுத்துவிடுகிறார். சிரித்து ஒதுக்கக்கூடிய அச்சமல்ல இது. ஏழையின் உடம்பை ஏமாற்றிப் பயன்படுத்திக்கொண்ட சம்பவங்கள் உண்டு. ஒன்றை நாமே பின்னால் சொல்லப்போகிறோம். ஆனால் அஞ்சி ஓடிவிட்டால் நஷ்டம் யாருக்கு? அதைத் தோழர்கள் முதலில் எண்ணிப் பார்க்க வேண்டும்.

மருந்துச் சோதனை என்பது, ஒரு மருந்து நோய்க்குக் கேட்கிறதா இல்லையா என்று நோயாளிகளிடத்திலேயே ஒழுங்கான முறையில் கண்டறிவது. அதற்கு ஒரு 'ஸ்பான்சர்' உண்டு. கிரிக்கெட் பந்தயத்துக்குப் பணம் கொடுத்துத் தம் பெயர்ப்பலகையை மாட்டிக்கொள்பவரையும் அப்படித்தான் அழைக்கிறார்கள். அந்தப் பொருளில் இதை எடுத்துக்கொள்ளக் கூடாது. சோதனையைத் தொடங்கி, நடத்தி, கேடு வந்தால் பதில் சொல்ல வேண்டிய பொறுப்பாளி என்று பொருள். சில சோதனைகளில் அந்தப் பொறுப்பாளி மருந்துக் கம்பெனி. சிலவற்றில் பல்கலைக்கழகம்.

யாராயிருந்தால் நமக்கென்ன என்கிறீர்களா? கம்பெனிக்காரர் தாம் விற்கப்போகும் மருந்தைச் சோதிப்பார். அது அவர் வியாபாரம், குற்றமென்று சொல்லவில்லை. ஆனால் காப்புரிமை தீர்ந்து, யார் வேண்டுமானாலும் தயாரித்து, சில்லறைக் காசுக்கு விற்கும் பழைய மருந்தொன்று இருக்கிறது. அது புதிய நோயொன்றுக்குக் கேட்குமா என்று பார்க்க எந்த முதலாளி கோடிகளைக் கொட்டுவார்? கேட்டாலும் அவருக்கு ஆதாயமில்லையே!

கொரோனா உலகைக் கவ்வியபோது நடந்ததைப் பாருங்கள். 2020 மார்ச்சில் இங்கிலாந்தின் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகம் 'ரெகவரி' என்ற சோதனையைத் தொடங்கிற்று. பொறுப்பாளி பல்கலைக்கழகம், பணம் முக்கியமாக பிரிட்டிஷ் அரசினருடையது, களம், அந்நாட்டுப் பொது ஆஸ்பத்திரிகள். சோதித்த மருந்துகளில் ஒன்று டெக்ஸாமெத்தசோன். 1950-களிலேயே பிறந்த மருந்து. நம்மூர் மருந்துக்கடைப் பையனுக்கும் பெயர் தெரிந்த மலிவு மருந்து.

யாருக்கு அதைக் கொடுப்பது, யாருக்கு வழக்கமான சிகிச்சை மட்டும் என்பதை டாக்டர் முடிவு செய்யவில்லை. குலுக்கல் முடிவு செய்தது. 'உயிரோடு சூதாட்டமா?' என்று கேட்கத் தோன்றும். டாக்டரே பொறுக்கியெடுத்தால் என்ன ஆகும்? தம்மை அறியாமலே, தேறக்கூடியவர் என்று தமக்குத் தோன்றியவருக்கு மருந்தைக் கொடுத்துவிடுவார். பிறகு, பிழைத்தவன் மருந்தால் பிழைத்தானா, தன் உடல் வலுவால் பிழைத்தானா என்று யார் சொல்வது? உத்திரமேரூர்க் கல்வெட்டு காட்டும் குடவோலையை நாம் மேடைதோறும் பேசுகிறோம். குடத்திலிருந்து ஓலையை எடுக்க ஒன்றுமறியாத சிறுவனை அழைத்தது ஏன்? எடுக்கும் கை எந்தப் பக்கமும் சாயக் கூடாது என்பதற்காக. இங்கும் காரணம் அதுவே. சிறுவனுக்குப் பதில் கம்ப்யூட்டர், அவ்வளவுதான்.

மருந்து பெற்றவர் 2,104 பேர். பெறாதவர் 4,321 பேர். சுவாச இயந்திரத்தில் கிடந்தவர்களில், மருந்து பெறாதவர்கள் 28 நாளுக்குள் நூற்றுக்கு 41 பேர் மாண்டார்கள். பெற்றவர்களில் 29 பேர். ஆக்ஸிஜன் மட்டும் வைக்கப்பட்டிருந்தவர்களில் 26 என்பது 23 ஆகக் குறைந்தது. ஆக்ஸிஜனே தேவைப்படாதவர்களுக்கோ பயன் தெரியவில்லை. ஆகவே, காய்ச்சல் கண்டவரெல்லாம் வாங்கி விழுங்கும் சரக்கல்ல இது என்பதையும் அதே சோதனைதான் சொல்லிற்று. 2020 ஜூன் 16-ஆம் நாள் அறிவித்தார்கள். காலணா இலாபம் எதிர்பாராத வேலை!

அதே சோதனையில் ஹைட்ராக்ஸிகுளோரோகுயினும் இருந்தது. அன்று அமெரிக்க ஜனாதிபதியாயிருந்த டிரம்ப் வாயாரப் புகழ்ந்த மருந்து. பெற்றவர்களில் நூற்றுக்கு 27 பேரும் பெறாதவர்களில் 25 பேரும் இறந்தார்கள். பயனில்லை என்று ஜூன் 5-ஆம் நாள் அந்தக் கதவைச் சாத்தினார்கள். ஜனாதிபதியின் நாக்கு ஒரு பக்கம், ஏறத்தாழ 4,700 நோயாளிகளின் கணக்கு மறுபக்கம். தராசு எங்கே சாய்ந்தது பார்த்தீர்களா?

இதில் நம் சென்னைக்கும் ஒரு பெருமை உண்டு. பல்கலைக்கழகம் நடத்தியதல்ல, ஆனால் பொதுப்பணத்தில் நடந்தது. 1956-இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை அரசினர், உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகியவை சேர்ந்து சென்னையில் காசநோய் ஆராய்ச்சி நிலையம் ஒன்றை நிறுவின. அந்நாளில் காசமென்றால் சானட்டோரியம். நல்ல காற்று, நல்ல சாப்பாடு, மாதக்கணக்கில் ஓய்வு. வண்டி இழுத்துப் பிழைப்பவன் இதற்கு எங்கே போவான்? இடம் கிடைத்தாலும், அவன் படுத்துவிட்டால் வீட்டில் உலை கொதிக்குமா? நிலையத்தார் 193 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பகுதியினர் சானட்டோரியத்தில். மறுபகுதியினர் நெரிசல் மிக்க தங்கள் வீட்டிலேயே. இருவருக்கும் ஓராண்டு ஒரே மருந்துகள். 1959-இல் முடிவு வெளிவந்தது. வீட்டிலிருந்தவர்களும் ஏறத்தாழ அதே அளவுக்குத் தேறியிருந்தார்கள். வீட்டாரைத் தொடர்ந்து கவனித்ததில், அவர்களுக்குக் கூடுதலாகத் தொற்றவும் இல்லை. காசநோயாளிக்கு வீட்டிலேயே சிகிச்சை என்பது உலகெங்கும் பரவ அந்த ஏழைகளின் உடம்பே சான்றாயிற்று. எலியாக மாட்டோம் என்று அவர்கள் எழுந்து போயிருந்தால், சானட்டோரிய வாசலில் இன்னும் எத்தனை ஆண்டு காத்துக் கிடந்திருப்போமோ!

அப்படியானால் பல்கலைக்கழகத்தின் பெயரைப் பார்த்ததும் கண்ணை மூடிக் கையெழுத்துப் போடலாமா? கூடாது.

பக்கத்துத் திருவனந்தபுரத்தில், வட்டாரப் புற்றுநோய் மையத்தில், 1999-2000-இல் வாய்ப் புற்றுநோயாளிகளுக்கு ஒரு புதிய மருந்தை ஊசியில் ஏற்றினார்கள். அமெரிக்காவின் புகழ்பெற்ற ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்து விஞ்ஞானி ஒருவரின் ஆராய்ச்சி அது. 2001-இல் விஷயம் வெடித்தது. விசாரித்துப் பார்த்தால், அந்தப் பல்கலைக்கழகத்தின் நெறிமுறைக் குழுவிடம் அனுமதியே பெறவில்லை! இனி மனிதரிடம் நடத்தும் ஆராய்ச்சிக்கு அவர் தலைமை ஏற்கக் கூடாது என்று பல்கலைக்கழகமே அறிவித்தது. பெயர் பெரியதுதான், காவல் எங்கே போயிற்று?

இந்தியாவில் 2019-ஆம் ஆண்டு விதிகளின்படி, புதிய மருந்தைச் சோதிக்க மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரியின் அனுமதி வேண்டும். சோதனையால் கேடு விளைந்தால் இலவச வைத்தியமும் நஷ்டஈடும் உண்டு. ஆனால் ஏற்கெனவே அனுமதி பெற்ற மருந்தை, விற்பனை உரிமைக்காக அல்லாமல் புதிய பயனுக்கோ புதிய அளவிலோ ஒரு கல்வி நிறுவனம் சோதித்தால், அது 'கல்விசார் சோதனை'. அதற்கு அந்த அதிகாரியின் அனுமதி தேவையில்லை. நெறிமுறைக் குழு ஒப்புக்கொண்டால் போதும். இந்த விலக்கை நாம் எதிர்க்கவில்லை. மலிவு மருந்துச் சோதனை கோப்புகளுக்கிடையே செத்துப்போகாமலிருக்க அது உதவும். எனினும், இரண்டு காவலர் நின்ற வாசலில் இப்போது ஒருவர்தான் நிற்கிறார் என்பதை மறக்கலாகாது. அந்தக் குழுவில் ஏழு பேருக்குக் குறையக் கூடாது. பாதிப்பேர் வெளியாராயிருக்க வேண்டும். சாமானியர் ஒருவரும் உட்கார வேண்டும் என்பது விதி. அந்தச் சாமானியர் யார், வாய் திறக்கிறாரா, தலையாட்டிவிட்டுக் காப்பி குடித்துப் போகிறாரா என்று தொழிற்சங்கங்கள் ஏன் கேட்கக் கூடாது?

நஷ்டஈட்டு விஷயமும் அப்படியே. கம்பெனி இல்லாத இடத்தில் அந்த நிறுவனமே பொறுப்பாளி, நஷ்டஈட்டுக்கு அதுவே வழி செய்ய வேண்டும் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017-இல் வெளியிட்ட நெறிமுறைகள் கூறுகின்றன. இதற்கென்று பணம் ஒதுக்கியிருக்கிறீர்களா, இன்ஷூரன்ஸ் எடுத்திருக்கிறீர்களா என்று கையெழுத்துக்கு முன்பே கேட்கலாம். கேட்டால் டாக்டர் கோபித்துக்கொள்வாரோ என்று தயங்க வேண்டாம். நல்ல டாக்டர் உட்கார வைத்துப் பதில் சொல்வார்.

தோழர் ஒருவர் ஆஸ்பத்திரியிலிருந்து இப்படியொரு தாளோடு சங்க அலுவலகத்துக்கு வந்தால், படித்த தோழர்கள் அதை வரிவரியாக வாசித்துக் காட்டுங்கள். பொறுப்பாளி யார் என்று பெயர் இருக்கிறதா பாருங்கள். நெறிமுறைக் குழுவின் டெலிபோன் எண்ணைத் தேடுங்கள். நடுவில் விலகிக்கொண்டாலும் வழக்கமான சிகிச்சை நிற்காது என்ற வாசகம் இருந்தாக வேண்டும். ஒரு பிரதி நோயாளியின் கையிலே இருக்க வேண்டும். தாள் முழுவதும் இங்கிலீஷிலே இருந்தால், தமிழில் எழுதிக் கொண்டுவரச் சொல்லித் திருப்பி அனுப்புங்கள். அதுவரை கையெழுத்து காத்திருக்கட்டும்.