நஞ்சென்று தெரிந்தும் உண்டவர்கள்

கடையில் வாங்கும் பால்மா, ரின்மீன், ஜாம் எல்லாவற்றையும் நாம் நம்பிக்கையின் பேரிலேயே வாங்குகின்றோம். அவற்றில் சேர்க்கப்படும் பொருட்கள் உடலுக்கு என்ன செய்யும் என்பதை யாரோ சோதித்துப் பார்த்திருப்பார்கள் என்று எண்ணுகின்றோம். அந்தச் சோதனை ஒரு காலத்தில் மனிதரின் வயிற்றிலேயே நடந்தது.

1902ஆம் ஆண்டு அமெரிக்காவில் பால் திரையாமல் இருக்கப் போர்மலின் ஊற்றினார்கள். பிரேதம் பழுதடையாமல் இருக்கப் பயன்படும் அதே திரவந்தான். இறைச்சிக்கும் வெண்ணெய்க்கும் வெங்காரம் போட்டார்கள். தகரத்தில் அடைத்த பட்டாணி பச்சையாகத் தெரிய மயில்துத்தம் சேர்த்தார்கள். இதைத் தடுக்க நாடு முழுவதற்குமான சட்டம் இருக்கவில்லை.

விவசாயத் திணைக்களத்தின் தலைமை இரசாயனவியலாளர் ஹார்வி வைலி, 12 இளைஞர்களைச் சேர்த்துக்கொண்டார். பெரும்பாலானோர் அரசாங்க எழுதுவினைஞர்கள். வாஷிங்டனில் ஒரு கட்டடத்தின் நிலக்கீழ் அறையில் அவர்களுக்கு மூன்று வேளையும் இலவசச் சாப்பாடு. இலவசச் சாப்பாட்டுக்காகக் குறைந்த சம்பளக்காரர் எதற்கெல்லாம் ஒப்புக்கொள்வார் என்பதை எங்களுக்கு யாரும் விளக்கத் தேவையில்லை. வெளியில் எதுவும் உண்ணக் கூடாது. உணவுக்கு முன் நிறை, நாடித்துடிப்பு, உடல் வெப்பம் எல்லாம் குறிக்கப்பட்டன. மலசலம்கூடச் சேகரிக்கப்பட்டது.

முதலில் வெண்ணெயில் வெங்காரத்தை மறைத்து வைத்தார்கள். இளைஞர்கள் ருசியில் பிடித்துவிட்டார்கள். வெண்ணெய் தொடப்படாமலே கிடந்தது. கடைசியில் வெங்காரத்தைக் குளிசையாகவே கொடுத்தார்கள். தலையிடி, வயிற்றுவலி, பசியின்மை என்று தொடங்கி, சிலரால் வேலைக்குப் போகவும் முடியாமற் போயிற்று.

சேரும்போதே அவர்கள் ஒரு கடதாசியில் கையொப்பமிட்டிருந்தார்கள். என்ன நேர்ந்தாலும் வழக்குத் தொடரமாட்டோம் என்பதே அதன் சாரம். சுகவீனமுற்று இடையில் விலகிய ஒருவர் 1906இல் காசநோயால் இறந்தார். வெங்காரம் அவரைப் பலவீனமாக்கிவிட்டது என்றார்கள் குடும்பத்தினர். வைலி அதனை ஏற்கவில்லை. இந்தக் கதையில் அந்தக் கையொப்பந்தான் என் மனதை அதிகம் உறுத்துகின்றது.

1964இல் உலக மருத்துவச் சங்கம் ஹெல்சிங்கி பிரகடனத்தை வெளியிட்டது. ஆய்வில் சேருபவருக்கு எல்லாவற்றையும் விளங்கப்படுத்த வேண்டும், அவர் எந்த நேரத்திலும் விலகலாம் என்கிறது அது. இடம்பெயர்ந்த காலத்தில் எத்தனை படிவங்களில் கையொப்பமிட்டோம்! புதிய மருந்து, புதிய சத்துமா, ஆய்வு என்று யாராவது படிவத்தை நீட்டினால், இது என்ன, தீங்கு நேர்ந்தால் யார் பொறுப்பு என்று கேளுங்கள். மறுத்தாலும் விலகினாலும் உங்களுக்குரிய சிகிச்சை நிற்கக் கூடாது.

வைலியின் சாப்பாட்டு மேசையில் பெண்கள் இருக்கவில்லை. ஆனால் தூய உணவுக்கான சட்டம் கேட்டு ஊரூராகக் குரல் எழுப்பியவை அலிஸ் லேக்கி போன்றோர் முன்னின்ற மாதர் சங்கங்கள். 1906 ஜூன் 30இல் ஜனாதிபதி தியடோர் ரூஸ்வெல்ட் அச்சட்டத்தில் ஒப்பமிட்டார். 1912இல் அரச பணியை விட்ட வைலி சேர்ந்துகொண்ட இடம், ‘குட் ஹவுஸ்கீப்பிங்’ என்ற பெண்கள் மாத இதழ். அதன் ஆய்வுகூடத்திலும் அவர் வீட்டுப் பாவனைப் பொருட்களையே சோதித்தார்.

அந்த இளைஞர்கள் உண்டவற்றில் பென்சோயிக் அமிலமும் ஒன்று. வைலி அதனை எதிர்த்தார். பின்னர் வந்த நிபுணர் குழு, சிறிய அளவில் தீங்கில்லை என்றது. அதன் உப்பான சோடியம் பென்சோயேற் இன்றும் பாவனையில் உள்ளது. வீட்டில் சோஸ் அல்லது கோர்டியல் போத்தல் இருந்தால் திருப்பிப் பாருங்கள். 211 என்ற இலக்கம் இருந்தால், அது இதுதான்.