"இந்த வயசில எனக்கு இங்கிலீஷ் வராது"

இப்படிச் சொல்லும் பெற்றோர் பலர். ஆனால் அதன் பாரத்தைச் சுமப்பது பிள்ளை. பள்ளிக்கூடத்தை விட்டிட்டு டொக்டரிடம் வந்து, அம்மாவின் வருத்தத்தை அதுதான் சொல்ல வேண்டியிருக்கு.

யோசித்துப் பாருங்கள்: பஸ் நம்பர், கடைக் கணக்கு எல்லாம் இங்கே வந்த பிறகு நீங்கள் பழகியதுதானே?

இங்கிலாந்தில் ஏ, பி, சி தெரியாதவர்களுக்கும் 'ஈசோல்' ஆங்கில வகுப்புகள் உண்டு. புகலிடம் கோரி 6 மாதத்துக்கு மேல் முடிவுக்குக் காத்திருப்பவர்களும் பொதுவாக அரச உதவியுடன் படிக்கலாம். பக்கத்துக் கொலிச்சில் விசாரியுங்கள்.

இந்தக் கிழமை பெயர், பிறந்த திகதி, "அப்பொயின்ட்மென்ட் வேண்டும்" மூன்றையும் ஆங்கிலத்தில் ஒரு துண்டில் எழுதி, நீங்களே சேர்ஜரிக்குப் போன் பண்ணுங்கள். பிழை விட்டால் பரவாயில்லை. தமிழ் மொழிபெயர்ப்பாளரையும் கேளுங்கள், அதற்குக் காசில்லை.

பிள்ளை பள்ளிக்கூடம் போகட்டும்.