எழுதப்படாத எடுகோள்

வாகனத்தின் பிரேக், இதயமுடுக்கி, ராக்கெட் போன்றவற்றுக்குள்ளேயே அமர்ந்து அவற்றை இயக்கும் கணினிகள் உட்பொதி அமைப்புகள் எனப்படுகின்றன. அவற்றின் மென்பொருள், பல குழுக்கள் பல காலங்களில் எழுதிய கூறுகளை இணைத்து உருவாவது. எனவே ஒவ்வொரு கூறும் தன் சூழலிடம் எதை எதிர்பார்க்கிறது, அது கிடைத்தால் பதிலுக்கு எதைச் செய்துதரும் என்ற இரண்டையும் ஐயமின்றி எழுதிவைக்கும் முறை வளர்ந்தது. முன்னது எடுகோள், பின்னது உறுதிமொழி, இரண்டும் சேர்ந்தது ஒப்பந்தம். எடுகோள் பொய்த்த இடத்தில் உறுதிமொழி செல்லாது.

1996 ஜூன் 4 அன்று பிரெஞ்சு கயானாவின் கூரூவிலிருந்து முதன்முறையாகப் பறந்த ஏரியன் 5 ராக்கெட், ஏறத்தாழ 40 வினாடிகளில் பாதை விலகி, நான்கு கிளஸ்டர் செயற்கைக்கோள்களுடன் சிதறியதற்கு இத்தகைய எடுகோள் ஒன்று முக்கியக் காரணம். ராக்கெட்டின் நிலையையும் நகர்வையும் கணிக்கும் அமைப்பின் மென்பொருள் ஏரியன் 4இலிருந்து பெரும்பாலும் அப்படியே எடுத்தாளப்பட்டது. கிடைமட்ட வேகத்தைச் சார்ந்த ஒரு மதிப்பை அது 64 பிட் எண்ணிலிருந்து 16 பிட் முழு எண்ணாக மாற்றியது. 16 பிட்டில் 32,767க்கு மேல் அடங்காது. பழைய ராக்கெட்டின் பாதையில் அந்த மதிப்பு எல்லையை எட்டாது என்று கருதியும், செயலியின் சுமை 80 விழுக்காட்டுக்குள் இருக்கவேண்டும் என்பதாலும், இவ்வாறான ஏழு மாறிகளில் நான்குக்கு மட்டுமே பாதுகாப்பு இடப்பட்டது. ஏரியன் 5 கிடைமட்ட வேகத்தை மிக விரைவாகப் பெற்றதால் எண் வரம்பு மீறி, அந்த அமைப்பின் கணினி நின்றது. மாற்றாக வைத்திருந்த கணினியும் அதே மென்பொருளைக் கொண்டிருந்ததால், சற்று முன்பே அதே காரணத்தால் நின்றுபோயிருந்தது. அந்த அமைப்பு அனுப்பிய பழுது பற்றிய குறிப்பை, ராக்கெட்டைச் செலுத்தும் முதன்மைக் கணினி பறப்புத் தரவாக எண்ணிக்கொண்டு முனைக்குழாய்களைத் திருப்பிவிட்டது. இத்தனைக்கும், பிழை நேர்ந்த கணக்கு புறப்பட்ட பின் ஏரியன் 5க்குத் தேவையே இல்லாதது.

அடுத்த ஆண்டு கணினியியலாளர்களான ழான்-மார்க் ழெஸெகெலும் பெர்ட்ரான்ட் மேயரும், அந்த எடுகோள் ஒப்பந்தமாகக் கூறுடனேயே எழுதப்பட்டிருந்தால் மறுபயன்பாட்டின்போது பிழை கண்ணில் பட்டிருக்கும் என்று வாதிட்டனர். இதில் பாதி உண்மையே உண்டு. ஏரியன் 5இன் பாதைத் தரவு அந்த அமைப்பின் விவரக்குறிப்பில் சேர்க்கப்படவே இல்லை என்பதையும் விபத்தை ஆராய்ந்த விசாரணைக் குழு கண்டறிந்தது. ஒப்பிட மறுபுறத்தில் எதுவும் இல்லாதபோது, எவ்வளவு தெளிவான நிபந்தனையும் வெறும் குறிப்பாகவே நின்றுவிடும்.

ஒரு கூறுக்குப் பதிலாக இன்னொன்றைப் பொருத்தும்போது, புதியது பழையதைவிடக் கூடுதலாக எதையும் எதிர்பார்க்கக்கூடாது, குறைவாக உறுதியளிக்கவும் கூடாது என்பது இன்றைய ஒப்பந்தக் கோட்பாட்டின் விதி. உட்பொதி அமைப்புகளில் இது எண்களோடு நிற்பதில்லை. சரியான விடை தாமதமாக வந்தாலும் தவறே என்பதால், எத்தனை மில்லி வினாடிக்குள் விடை வரும் என்பதும் ஒப்பந்தத்தில் இடம்பெறுகிறது. ஏரியனின் மென்பொருள் எழுதப்பட்ட ஏடா மொழியிலேயே 2012 பதிப்பு முதல் இத்தகைய நிபந்தனைகளை எழுதலாம். அதன் கிளையான ஸ்பார்க்கில், நிரலை ஓட்டாமலேயே வரம்பு மீறல் நேராது என்று கணித முறையில் நிறுவவும் முடிகிறது. ஆனால் உள்ளே வரும் வேகத்தின் உச்ச அளவு என்ன என்று ஸ்பார்க்கின் நிறுவல் கருவி கேட்கும். அதற்கான எண், பாதையை வகுக்கும் பொறியாளரிடமிருந்தே வரவேண்டும்.