குழல்வாயும் குறிதூரமும்

தில்லி துக்ளகாபாத்திலுள்ள கர்ணி சிங் சுடுதளத்துக்கு ஒருமுறை என் மகனை அழைத்துச் சென்றிருந்தேன். “வாய் குறுகிய துப்பாக்கிதானே அப்பா வலியது?” என்று வினவினான். அன்பர் பலருக்கும் இம்மயக்கம் உண்டு.

ரவைத் துப்பாக்கிக் குழலின் நுனியிலுள்ள நெருக்கத்தைச் ‘சோக்’ என்பர். அது வலிமையைப் பெருக்குவதன்று. ரவைகள் விரிவதைக் கட்டுப்படுத்துவதேயாம். 40 கஜ தூரத்தில், 30 அங்குல வட்டத்துக்குள், முழு நெருக்கமுள்ள குழல் ஏறத்தாழ 70 விழுக்காடு ரவைகளைச் செலுத்தும். நெருக்கமற்ற குழலோ 40 விழுக்காடே.

ஆகவே தூரமறிந்து தேர்தல் வேண்டும். சுமார் 20 மீட்டரில் களிமண் தட்டு குறுக்கே பறக்கும் ‘ஸ்கீட்’ போட்டிக்கு அகன்ற வாய் ஏற்றது. தட்டு விரைந்து விலகியோடும் ‘டிராப்’ போட்டிக்குக் குறுகிய வாய்.

வேட்டைக்கு இசைவுள்ள நாடுகளில் தேர்வு பிழைத்தால் துன்பம் பறவைக்கே. தொலைவில் பறப்பதை அகன்ற வாயால் சுட்டால், அது சாகாமல் காயத்தோடு துடிக்கும்; அருகிலுள்ளதைக் குறுகிய வாயால் சுட்டால் உடல் சிதையும். நம் நாட்டிலோ 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குச் சட்டமும் 1991-ஆம் ஆண்டுத் திருத்தமும் பொழுதுபோக்கு வேட்டையை ஒழித்துவிட்டன. எஞ்சியது களிமண் தட்டே. அதைச் சுட்டுத்தான் புதுக்கோட்டை பிருத்விராஜ் தொண்டைமான் 2024-இல் பாரிஸ் ஒலிம்பிக் வரை சென்றார்.

இவற்றைக் கேட்ட மகன், “அப்படியானால் முதலில் தூரத்தை அளக்க வேண்டுமே!” என்றான். அதுவே பாடம்.