பேச்சுக்குமா சுங்கம்?

கடல் கடந்து உழைக்கப் போன மகனின் குரலைக் கேட்க, ஒரு காலத்தில் தாய் தன் கைப்பொருளை இழக்க வேண்டும். எஸ்.டி.டி. பூத்தின் கண்ணாடிக் கூண்டில் நின்று, "நலமா?" என்று கேட்பாள். பதில் வருமுன் பயம் வந்துவிடும், கட்டணப் பயம்!

இன்று அந்தக் குரல் இணையத்தின் வழியே வருகிறது. மாயமுமல்ல, மந்திரமுமல்ல! கைப்பேசி நம் குரலை எண்களாக்குகிறது. பெரும்பாலும் நொடியை ஐம்பது துண்டுகளாக்கி, ஒவ்வொன்றிலும் சேருமிடத்தின் முகவரியைப் பொறித்து அனுப்புகிறது. கடிதமும் படமும் செல்லும் அதே பாதை. மறுமுனையில் துண்டுகள் சேர்ந்து மீண்டும் குரலாகின்றன. அந்தப் பாதைக்கு நாம் டேட்டா கட்டணம் கட்டிவிட்டோம். அதில் படம் போனால் என்ன, பாசம் போனால் என்ன?

ஆயினும் சுங்கம் கேட்டார்கள், தோழர்களே! 2014 டிசம்பரில் ஏர்டெல் நிறுவனம், இணைய அழைப்புக்குத் தனிக் கட்டணம் என்றது. வண்டிக்கு வாடகை வாங்கியபின், ஏறியவன் வாய் திறந்தால் இன்னொரு வாடகை! எதிர்ப்பு எழுந்தது, அறிவிப்பு அடங்கியது. 2015-இல் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் கருத்துக் கேட்டபோது குவிந்த மின்னஞ்சல்கள் 10 இலட்சத்தைத் தாண்டின. 2016 பிப்ரவரி 8-ஆம் நாள் ஆணையம் விதி செய்தது: உள்ளடக்கத்தைப் பார்த்து டேட்டாவுக்கு வேறு வேறு விலை கூடாது! கேட்டவர் கோமான்கள், வென்றவர் மக்கள்.

"கோபுரம் நட்டோம், அலைக்கற்றை ஏலம் எடுத்தோம், செலவை யார் தருவது?" என்கிறார்கள். நாம் தர மறுத்தோமா? பாதைக்குரிய விலையைப் பாதையில் வாங்கட்டும். பேச்சுக்கு விலை பேச உரிமை ஏது?

காவல் இல்லாத ஊரில் கதவு அடைபடும். தமிழ்நாட்டுத் தொழிலாளர் ஆயிரமாயிரவர் வியர்வை சிந்தும் வளைகுடாவைப் பாருங்கள். சவூதி அரேபியா இணைய அழைப்புக்கான தடையை நீக்கியதே 2017 செப்டம்பரில்தான். ஐக்கிய அரபு அமீரகத்தில், 2018 தொடக்கத்தில், ஸ்கைப் அழைப்பு அடைபட்டுக் கிடந்தது. கட்டடத்தை உயர்த்தியவன் மனைவியிடம் பேச, எந்தச் செயலி என்று அரசு கைகாட்ட வேண்டுமாம்!

இங்கே ஆபத்து தீர்ந்ததா? இல்லை. 2023-இல் தொலைத்தொடர்பு நிறுவனங்கள் "நியாயமான பங்கு" என்று புதுப் பெயர் சூட்டி, பெரிய செயலி நிறுவனங்கள் பணம் தரவேண்டும் என்றன. அவர்கள் தலையில் வைத்த சுமை கடைசியில் யார் தோளில் இறங்கும்? உழைப்பவன் தோளில்தானே!

ஆணையம் அடுத்தமுறை கருத்துக் கேட்கும்போது, தோழர்களே, கணினி அறிந்தவர் மட்டும் எழுதினால் போதாது. கிளைதோறும் இதை விளக்குவோம், பாட்டாளியும் எழுதட்டும். வழிக்குக் கூலி தருவோம். வாய்க்குச் சுங்கம் தரமாட்டோம்!