சிந்தியதை எடுப்பவர் யார்?

ஞாயிற்றுக்கிழமை மாலையில் வெள்ளவத்தையிலுள்ள சைவ உணவுச்சாலை ஒன்றை மனக்கண்முன் கொண்டுவரலாம். கடற்கரையிலே காற்று வாங்கிவிட்டு மக்கள் குடும்பம் குடும்பமாக உள்ளே நுழைகின்றனர். தாய், தந்தை, மூன்று வயதுக் குழந்தை ஆகிய மூவரும் ஒரு மேசையில் அமர்கின்றனர். தோசை வருகிறது, வடை வருகிறது, சாம்பாரும் சம்பலும் வருகின்றன. அரை மணித்தியாலத்தின் பின்னர் அவர்கள் எழுந்து செல்லும்பொழுது மேசையின்மேல் சாம்பார் ஓடிக் கிடக்கிறது. கதிரையிலே சம்பல் அப்பியிருக்கிறது. நிலத்திலே தோசைத் துண்டுகள் மிதிபட்டுக் கிடக்கின்றன. இடம் பிடிப்பதற்காக அடுத்த குடும்பம் கதிரையின் பின்னாலேயே வந்து நிற்கிறது. மேசை துடைக்கும் சிப்பந்தி வாளியும் துணியுமாக ஓடிவந்து, முழந்தாளிட்டு, மேசைக்குக் கீழே தலையை நுழைக்கிறார்.

இக்காட்சி எவருக்கும் புதியதன்று. ஆயினும், இதனுள்ளே ஒரு கேள்வி மறைந்து கிடக்கிறது. குழந்தை சிந்தியதைத் துடைப்பது யாருடைய கடமை? பணம் பெற்ற கடைக்காரருடையதா? குழந்தையை அழைத்து வந்த பெற்றோருடையதா? சிறிய கேள்விபோலத் தோன்றினும், ஒரு சமூகம் உழைப்பை எவ்வாறு மதிக்கிறது என்பதையும், தன் பிள்ளைகளுக்கு எதனைக் கற்பிக்கிறது என்பதையும் இக்கேள்வியைக்கொண்டே அளந்துவிடலாம்.

ஒருசாரார் கூறும் நியாயம் இது: உணவுச்சாலைக்குச் செல்வதே ஓய்வுக்காகத்தான். ஆறு நாளும் வீட்டிலே சமைத்து, பரிமாறி, பாத்திரம் கழுவி அலுத்த தாய், ஏழாம் நாளிலாவது துடைப்பத்தைத் தொடாதிருக்கக் கூடாதா? இலங்கையின் பெரிய உணவுச்சாலைகள் பலவற்றிலே விலைச்சீட்டின் அடியில் நூற்றுக்குப் பத்து வீதம் சேவைக் கட்டணமும் சேர்க்கப்படுகிறது. பணத்தையும் கொடுத்து வேலையையும் செய்வது எந்த ஊர் வழக்கம்?

இந்த நியாயத்தை ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது. மேசையைத் துடைப்பதும், கோப்பைகளை அகற்றுவதும், நிலத்தைக் கூட்டுவதும் கடையின் வேலைகளே. அவற்றுக்கான செலவு உணவின் விலைக்குள் அடங்கியிருக்கிறது. எனினும், அந்த விலைக்குள் அடங்கியது ஒரு மேசையின் வழக்கமான பயன்பாடு மாத்திரமே. புகைவண்டிக்குச் சீட்டு வாங்கியவர் ஆசனத்துக்கு உரிமை பெறுகிறார். அவ்வாசனத்தைச் சுற்றிக் கடலைக் கோதுகளைக் குவித்துவைத்துவிட்டு இறங்கிச் செல்லும் உரிமையை அவர் வாங்கவில்லை. அதுபோலவே, மேசையில் விழுந்த பத்துப் பருக்கைகள் கடையின் கணக்கைச் சேர்ந்தவை; கதிரையிலும் சுவரிலும் அடுத்த மேசைக் காலிலும் அப்பிக் கிடப்பவை அக்கணக்கில் எழுதப்பட்டவை அல்ல.

இனி, குழந்தையின் பக்கமும் கேட்கப்பட வேண்டும். குழந்தை சிந்துவது குற்றமன்று. ஏறக்குறைய ஆறாவது மாதத்திலே தாய்ப்பாலோடு வேறு உணவையும் சுவைக்கத் தொடங்கும் குழந்தை, முதலில் உள்ளங்கை முழுவதாலும் உணவை அள்ளுகிறது. பின்னர், ஒன்பது, பத்து மாதமளவில், பெருவிரலாலும் சுட்டுவிரலாலும் ஒரு பருக்கையைக் கிள்ளி எடுக்கும் திறமையைப் பெறுகிறது. கரண்டியைத் தவறாமல் வாய்க்குக் கொண்டுபோக மேலும் பல மாதங்கள் வேண்டும். சோற்றைப் பிசைந்து, உருட்டி, விரல் நுனியால் உண்ணும் தமிழர் முறையோ வளர்ந்தவருக்கு எளிதெனத் தோன்றும் ஒரு நுண்கலை. அதனைக் கற்கும் சிறு கை நூறு தடவை தவறியே தீரும்.

முன்னோர் இதனை நன்கு உணர்ந்திருந்தனர். புறநானூற்றின் 188ஆம் பாட்டைப் பாடிய பாண்டியன் அறிவுடை நம்பி ஓர் அரசன். உணவிலே கையை விட்டுத் துழாவி, மேலெல்லாம் பூசிக்கொள்ளும் குழந்தையை அவன் வாழ்வின் பெரும் பயனாகக் கண்டான். திருவள்ளுவரும் அவ்வின்பத்தைப் போற்றினார். ஆகவே, பொதுவிடத்திலே குழந்தையொன்று சோற்றைச் சிந்தியவுடன் முகத்தைச் சுளித்து, அதன் தாயைக் குற்றவாளிபோல நோக்குவோர் தம் இலக்கியத்தையே மறந்தவராவர். ஆனால், ஒன்றைமட்டும் எண்ணிப் பார்க்க வேண்டும். அரண்மனையிலே அரசிளங்குழந்தை இறைத்த சோற்றைப் பெருக்கிய கை எவருடையது? பாட்டு அதனைச் சொல்லவில்லை. சிந்தும் குழந்தையின் அழகைக் காண்பவர், அதனை அள்ளும் கையையும் காணப் பழகுவதே இக்காலத்துக்கு வேண்டிய பண்பு.

அந்தக் கை பெரும்பாலும் உணவுச்சாலையிலே குறைந்த சம்பளம் பெறுபவரின் கை. ஊரைவிட்டு வந்து, கடையின் மேல்மாடியிலே பாய்விரித்துப் படுத்து, விடியற்காலை தொடக்கம் இரவு கடை சாத்தும்வரை நின்று உழைக்கும் இளைஞர்கள் பலர். மாலைக் கூட்டத்தின்போது ஒரு மேசையை ஓரிரு நிமிடங்களுக்குள் துடைத்து முடிக்க வேண்டும். ஒரு மேசை பத்து நிமிடத்தை விழுங்கினால் முதலாளியின் கண்டிப்பும், காத்து நிற்போரின் முணுமுணுப்பும் அவர்மீதே விழும். நிலத்திலே சிந்திய சாம்பாரைக் குறித்து எவரும் வாய் திறவாது போய்விட்டால், கொதிக்கும் தேநீரைத் தட்டிலே ஏந்தி வரும் மற்றொருவர் அதில் வழுக்கி விழவும் நேரலாம்.

இவற்றோடு வரலாறு விட்டுச் சென்ற சுமையொன்றும் உண்டு. பிறர் எச்சிலைத் தொடுவது இழிவென்றும், அவ்விழிவு சிலர் தலையிலே பிறப்பால் எழுதப்பட்டதென்றும் கருதிய காலம் நெடுந்தொலைவில் இல்லை. யாழ்ப்பாணத்துத் தேநீர்க் கடைகளிலே ஒரு பகுதியினருக்கு உள்ளே அமர இடமில்லை. அவர்களுக்கு வேறு பாத்திரம் என்ற நிலை இருந்தது. சமூகக் குறைபாடுகளைத் தடுப்பதற்காக இலங்கையில் இயற்றப்பட்ட 1957ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டம், சாதியின் பெயரால் உணவுச்சாலைகளில் ஒருவருக்கு இடம் மறுப்பதைக் குற்றமாக்கியது. சட்டம் வந்த பின்னரும் அறுபதுகளின் பிற்பகுதியிலே தேநீர்க் கடைகளுள் நுழைவதற்காக மக்கள் போராட வேண்டியிருந்தது. இன்று கடையின் கதவு எல்லோருக்கும் திறந்திருக்கிறது. ஆனால், சிந்திய எச்சிலைக் காட்டி, விரலைச் சொடுக்கி, முகத்தையும் நோக்காது, “இதைத் துடை” என்று ஒருவர் சொல்லும்பொழுது, அந்தப் பழைய எண்ணத்தின் வேர் இன்னும் முற்றாக அறவில்லை என்பது புலனாகிறது. அருகிலிருக்கும் குழந்தையின் உள்ளத்தில் அந்த விரற்சொடுக்கு ஆழமாகப் பதிந்துவிடுகிறது. சிந்துவது தன் வேலையென்றும், எடுப்பது வேறொரு வகையாரின் வேலையென்றும் அது கற்றுக்கொள்கிறது. மேசைமேற் கிடக்கும் சாம்பாரைவிடத் துடைப்பதற்கு அரிய கறை இதுவே.

அவ்வாறாயின், பெற்றோர் வாளியும் துணியுமாகக் கடை முழுவதையும் கழுவ வேண்டுமா? வேண்டியதில்லை. செய்யத்தக்கவை எளியவை. பெரிய துண்டுகளைக் கையாலோ கடதாசியாலோ கூட்டி ஒரு கோப்பைக்குள் இடலாம். ஓடிவரும் சாம்பாரைக் கடதாசியால் மறித்து, நிலத்துக்கு வழியாமல் தடுக்கலாம். கதிரையிலே அப்பியதை வழித்தெடுக்கலாம். கோப்பைகளை ஒன்றன்மேலொன்றாக மேசையின் ஒரு பக்கத்தில் ஒதுக்கலாம். இவை முடிய இரண்டு நிமிடம் போதும். புறப்படும்போது வீட்டிலிருந்து பழைய துவாய்த் துண்டொன்றையும், குழந்தையின் கழுத்திற் கட்ட ஒரு துணியையும் எடுத்துச் செல்பவருக்கு வேலை பாதியாகும். குழந்தைக்கு முழுத் தோசையைக் கொடாது, சிறு சிறு துண்டுகளாக இடுவதும் நன்று.

சிலவற்றைப் பெற்றோர் செய்யாதிருப்பதே முறை. கண்ணாடிக் குவளை உடைந்தால் அதனைக் கையால் பொறுக்கக் கூடாது. குழந்தையைத் தூக்கிக்கொண்டு விலகி நின்று, சிப்பந்தியை அழைக்க வேண்டும். குழந்தை வாந்தியெடுத்தால், அவ்விடத்தை மேலோட்டமாகத் துடைத்துவிட்டு மறைப்பது பிறருக்கு நோயைப் பரப்பும் செயலாகும். உடனே தெரிவித்து, கிருமிநாசினி கொண்டு கழுவச் செய்ய வேண்டும். நிலத்திலே நீரோ எண்ணெயோ சிந்தினால், துடைக்க முடிந்தாலும் முடியாவிட்டாலும், சொல்லாமற் போகக் கூடாது. இவ்விடங்களிலே பெற்றோரின் கடமை கையால் ஆவதன்று, வாயால் ஆவது. “தம்பி, பிள்ளை தண்ணீரை ஊற்றிவிட்டது, குறை நினைக்க வேண்டாம், ஒரு துணி தாருங்கள்” என்ற ஒரு வாக்கியம், சேவைக் கட்டணத்தால் கொடுக்க முடியாத ஒன்றைக் கொடுத்துவிடுகிறது. வயதில் மூத்தவராயின் “அண்ணை” என்றோ “ஐயா” என்றோ அழைப்பதனால் எவருடைய பெருமையும் குறைந்துவிடாது.

இங்கே தந்தையருக்கும் ஒரு சொல் உண்டு. குழந்தை சிந்தியவுடன் மேசையைச் சுற்றியுள்ள கண்கள் யாவும் தாயையே நோக்குகின்றன. அவளும் தன் உணவை ஆறவிட்டுக் குனிகிறாள். தந்தை கைத்தொலைபேசியிலிருந்து கண்ணை எடுப்பதில்லை. பெற்றோர் துடைக்க வேண்டும் என்பதற்குத் தாய் துடைக்க வேண்டும் என்பது பொருளன்று. அவளுடைய ஏழாம் நாள் ஓய்வைப் பற்றிப் பேசுபவர், முதலில் தாமே குனிந்து அவ்வோய்வை அவளுக்கு அளிக்கலாம்.

குழந்தைக்கும் இதில் பங்குண்டு. ஆய்வாளர்களான பீலிக்ஸ் வார்னெக்கனும் மைக்கேல் தொமசெல்லோவும் 2006ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வொன்று இதற்குச் சான்று. முன்பின் அறியாத ஒருவர் ஒரு பொருளைக் கைதவறவிட்டு, அதனை எட்ட முடியாமல் கையை நீட்டும்பொழுது, பதினெட்டு மாதக் குழந்தைகள் பல, எவரும் ஏவாமலே சென்று அப்பொருளை எடுத்துக் கொடுத்தன. உதவும் எண்ணம் குழந்தையிடம் இயல்பாகவே முளைவிட்டிருக்கிறது. அதனைக் கிள்ளாமல் விடுவதே பெரியோர் செய்ய வேண்டியது. 1907ஆம் ஆண்டில் உரோமாபுரியிலே தம் முதற் பள்ளியைத் தொடங்கிய மரியா மொண்டிசோரி அம்மையாரின் கல்விமுறையிலும் மேசை கழுவுவதும் நிலம் கூட்டுவதும் பாடங்களாகவே அமைந்தன. குழந்தையின் கைக்கு அடங்கும் சிறு துடைப்பமே அங்கே பாடக் கருவி. ஆகவே, மூன்று வயதுப் பிள்ளையிடம் ஒரு கடதாசியைக் கொடுத்து, “வா, இரண்டு பேரும் சேர்ந்து எடுப்போம்” என்று சொல்லலாம். அது துடைத்த இடம் முன்னையிலும் மோசமாகலாம், அதனால் பாதகமில்லை. ஆனால், இது தண்டனையாக அமைந்துவிடக் கூடாது. பலர் முன்னே அதட்டி, அழவைத்துப் பொறுக்கச் செய்தால், குனிவது அவமானம் என்ற பாடமே அதன் மனத்தில் நிலைக்கும்.

இக்கேள்விக்குச் சட்டத்தின் மூலம் விடை காண முயன்ற நாடும் உண்டு. சிங்கப்பூரின் உணவங்காடி நிலையங்களிலே உண்டவர் தம் தட்டையும் எச்சங்களையும் தாமே எடுத்துச் சென்று உரிய இடத்திலே வைக்க வேண்டும் என்ற விதி 2021ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதம் முதலாந் திகதி தொடக்கம் கண்டிப்பாக நடைமுறைக்கு வந்தது. அடுத்த ஆண்டுத் தொடக்கத்திலே காப்பிக் கடைகளுக்கும் அது விரிந்தது. முதன்முறை தவறியவருக்கு எழுத்துமூல எச்சரிக்கை. மீண்டும் தவறினால் 300 வெள்ளி தண்டம். அங்கும் துப்புரவுப் பணியாளருக்கு வேலையில்லாமற் போய்விடவில்லை. மேசையைத் துடைப்பதும் தட்டுகளைக் கழுவுவதும் அவர்களிடமே உள்ளன. உண்டவர் பங்கு எங்கே முடிகிறது, தொழிலாளர் பங்கு எங்கே தொடங்குகிறது என்ற எல்லை மட்டும் தெளிவாக வரையப்பட்டது.

அந்த எல்லையைத் தண்டத்தின் உதவியின்றியே அறிந்துகொள்ளத் தமிழர்க்கு இயலும். சிந்திய ஒரு பருக்கையையும் வீணாக்காது எடுக்கச் சொல்லிப் பிள்ளைகளை வளர்த்த பாட்டிமார் பலர் இருந்த சமூகம் இது. வீட்டிலே இருந்த அந்தப் பழக்கம் கடையின் வாசற்படியிலே செருப்போடு கழற்றிவைக்கப்பட வேண்டியதன்று.

வெள்ளவத்தை உணவுச்சாலைக்கு மீண்டும் வரலாம். அதே குடும்பம், அதே மேசை, சாம்பாரும் அதே அளவிற் சிந்தியிருக்கிறது. இம்முறை தந்தை குனிந்து நிலத்திலுள்ள துண்டுகளைப் பொறுக்குகிறார். தாய் குழந்தையின் கையைப் பிடித்து மேசையைத் துடைக்கிறாள். வாளியோடு வந்த சிப்பந்தி, “விடுங்கள் ஐயா, நான் பார்த்துக்கொள்கிறேன்” என்கிறார். எஞ்சியதை அவரே துடைக்கிறார். அது அவருடைய தொழில். ஆயினும், இப்பொழுது அவர் முழந்தாளிட வேண்டியதில்லை. படியிறங்கும்போது குழந்தை திரும்பிப் பார்த்துக் கையசைக்கிறது. அவரும் துணி பிடித்த கையாலேயே பதிலுக்குக் கையசைக்கிறார்.