பானைக்குள் போனது என்ன?



சம்பளம் போட்ட வாரம் வந்துவிட்டால் லயத்துப் பக்கம் ஒரு பேச்சு காதில் விழும். "கடையில வாங்கிக் கட்டுப்படியாகுமா அண்ணே? நம்ம பையன் வீட்டிலேயே போடுறான். பாதி விலைதான். கிக்கும் நல்லா இருக்கு!" கோலசிலாங்கூரிலிருந்து பெஸ்தாரி ஜெயா, உலு சிலாங்கூர் வரை நம் தோட்டப்புறங்களுக்கு இந்தப் பேச்சு புதிதல்ல. அன்று கள், பிறகு சம்சு. இன்று கைப்பேசியைப் பார்த்து, டின்னில் வரும் மாவுப்பாகையும் ஈஸ்ட் பொட்டலத்தையும் கலந்து வீட்டிலேயே பீர் போடலாம் என்று இளைஞர்கள் ஆசைப்படுகிறார்கள்.

குடிக்காதே என்று உபதேசம் செய்ய இந்தப் பகுதியை நாம் எடுத்துக்கொள்ளவில்லை. அதை வீட்டிலிருக்கும் தாய்மார்கள் தினமும் செய்துகொண்டுதான் இருக்கிறார்கள். நாம் கேட்பது ஒரே கேள்வி: அந்தப் பானைக்குள் போனது என்ன?

புளிப்பது எப்படி?

ஈஸ்ட் என்பது கண்ணுக்குத் தெரியாத சிறு உயிர். இனிப்பைத் தின்று சாராயச் சத்தையும் ஒரு வாயுவையும் அது வெளிவிடுகிறது. தென்னம்பாளையில் இறக்கிய பதநீர் சில மணி நேரத்தில் நுரைத்துக் கள்ளாவது இதனால்தான். முளைகட்டிய பார்லியின் பாகில் இதே வேலை நடந்தால் அது பீர். இரண்டிலும் சாராயச் சத்து சுமார் 5 சதவிகிதம்.

"சீனியை அள்ளிப் போட்டால் ஏறாதா?" என்று கேட்பீர்கள். ஓரளவுதான் ஏறும். சுமார் 15 சதவிகிதம் வந்ததும் பெரும்பாலான ஈஸ்ட் தான் உண்டாக்கிய சாராயத்திலேயே செயலிழந்துவிடும். அதற்கு மேல் வேண்டுமானால் காய்ச்சி வடிக்க வேண்டும். இல்லையென்றால் வெளியிலிருந்து எதையாவது ஊற்ற வேண்டும். ஆகவே வீட்டில் போட்ட பீர் ஒரே கிளாசில் தலையைச் சுற்றவைத்தால், "நல்ல கைப்பக்குவம்" என்று மெச்சாதீர்கள். "தம்பி, இதில் என்ன சேர்த்தாய்?" என்று கேளுங்கள்.

சேர்ப்பதில்தான் ஆபத்து

ருசிக்காக இஞ்சியோ பழமோ போடுவது ஒன்று. கிக்குக்காகத் தூக்க மாத்திரை, பேட்டரிக் கட்டை, உரம் என்று போடுவது வேறு. பின்னதில் எதுவுமே மனித வயிற்றுக்கு உரியதல்ல. பாத்திரத்திலும் கவனம் வேண்டும். புளித்த நீரில் அமிலம் உண்டு. துத்தநாகம் பூசிய வாளியில் அதை ஊறவிட்டால் பூச்சு கரைந்து பானத்தில் இறங்கும். புல் மருந்து வந்த டின்னை எத்தனை முறை கழுவினாலும் அதை நம்பக் கூடாது. புளிப்பு முடியுமுன் பாட்டிலில் அடைத்து மூடினால், உள்ளே சேரும் வாயு பாட்டிலை வெடிக்கச் செய்து கண்ணாடிச் சில்லைக் கண்ணில் இறக்கும்.

இவை எல்லாவற்றையும்விடக் கொடியது மெத்தனால். பெயிண்ட், வார்னிஷ் வேலைகளிலும் தொழிற்சாலைகளிலும் பயன்படும் இது பார்வைக்குத் தண்ணீர் மாதிரி இருக்கும். வாசனையும் போதையும் சாராயம் போலவே இருக்கும். பழச்சக்கையைப் புளிக்கவைத்தாலும் கொஞ்சம் மெத்தனால் உண்டாகும். அதைக் காய்ச்சினால் முதலில் வடியும் பகுதியில் அது கூடுதலாக இருக்கும். ஆனால் ஊரையே சாய்க்கும் சாவுகளுக்குப் பெரும்பாலும் காரணம், யாரோ லாபத்துக்காகத் தொழிற்சாலை மெத்தனாலை வாங்கி ஊற்றியதுதான்.

ரப்பர்த் தோட்டத்தில் வேலை செய்தவர்களுக்கு இதை எளிதாகச் சொல்லிவிடலாம். பால் உறைவதற்கு ஆசிட் ஊற்றுவோமே, ஃபார்மிக் ஆசிட், கையில் பட்டால் தோல் எரியுமே, அதே ஆசிட்டாகத்தான் மெத்தனால் நம் உடம்புக்குள் மாறுகிறது! அது கண் நரம்பைத் தாக்குகிறது, இரத்தத்தை அமிலமாக்குகிறது, மூச்சை வாங்கவைக்கிறது. சுத்தமான மெத்தனால் 10 மில்லி, அதாவது இரண்டு தேக்கரண்டி, கண்ணைப் பறிக்கப் போதும். 30 மில்லி உயிரையே பறிக்கக்கூடும்.

நம் மாநிலத்திலேயே நடந்தது

2018 செப்டம்பரில் சிலாங்கூரிலும் கோலாலம்பூரிலும் இந்த விஷம் 40-க்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது. அவர்கள் குடித்தது கரிப்பானையில் வடித்த சம்சு அல்ல. விஸ்கி, பீர் என்று லேபிள் ஒட்டி மலிவாக விற்ற சரக்கு! இறந்தவர்களில் நேப்பாளம், வங்காளதேசம், மியன்மார் முதலிய நாடுகளிலிருந்து வேலைக்கு வந்தவர்களும் இருந்தார்கள், நம் நாட்டவரும் இருந்தார்கள்.

தமிழ்நாட்டில் 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் கள்ளச்சாராயம் 60-க்கும் மேற்பட்டவர்களைக் கொண்டுபோனது. அங்கேயும் மெத்தனால்தான். அங்கேயும் பெரும்பாலோர் அன்றாடக் கூலிகள். மலிவு விலைக்கு மயங்கும் நிலையில் இருப்பவன் ஏழைதான், பலியாகிறவனும் ஏழைதான்.

"எனக்கு ஒண்ணும் ஆகலியே!"

இந்த விஷம் உடனே கொல்லாது. குடித்த இரவு வழக்கமான போதைதான் தெரியும். கூடவே சாதாரண சாராயமும் கலந்திருந்தால், அது உள்ளே இருக்கும்வரை மெத்தனால் ஆசிட்டாக மாறுவது தாமதப்படும். அதனால் காலையில் எழுந்து, "எனக்கு ஒண்ணும் ஆகலியே" என்று பெரட்டுக்குப் போகிறவர்களும் உண்டு. பல சமயம் 12 மணியிலிருந்து 24 மணி நேரத்துக்குள், சிலருக்கு அதற்கும் பிந்தி, வேதனை தொடங்கும்.

தாய்மார்கள் இந்த அறிகுறிகளை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்: தாங்காத தலைவலி, வாந்தி, வயிற்றுவலி, வேகமாக இழுத்து இழுத்து மூச்சு வாங்குதல், கண் மங்கிப் பனிமூட்டம் போலத் தெரிதல், வலிப்பு, மயக்கம். "கண்ணு பொகையா தெரியுது புள்ளே" என்று அவர் சொன்னால், "நேத்துக் குடிச்சது இன்னும் எறங்கல" என்று படுக்கவைக்காதீர்கள். அதுதான் ஆபத்து மணி.

செய்ய வேண்டியது

தாமதிக்காமல் 999-ஐக் கூப்பிடுங்கள். அல்லது கிடைத்த வண்டியில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். தஞ்சோங் காராங், சுங்கை பூலோ, கோல குபு பாரு, எது கிட்டமோ அங்கே போகலாம். மிச்சம் இருக்கும் பாட்டிலையும் கையோடு எடுத்துப் போங்கள். கூடக் குடித்தவர்கள் யார் யார் என்று விசாரித்து, நலமாகத் தெரிந்தாலும் அவர்களையும் அழைத்துப் போங்கள்.

மோர், எலுமிச்சைச் சாறு, கடுங்காப்பி எதுவும் இந்த விஷத்தை முறிக்காது. தொண்டையில் விரல் விட்டு வாந்தி எடுக்கவைக்க வேண்டாம். "இன்னொரு கிளாஸ் ஊத்தினா சரியாகும்" என்பதும் வேண்டாம். விஷம் ஆசிட்டாக மாறுவதைத் தடுக்கும் மருந்தும் இரத்தத்தைச் சுத்திகரிக்கும் இயந்திரமும் ஆஸ்பத்திரியில்தான் உண்டு. எவ்வளவு சீக்கிரம் போகிறோமோ அவ்வளவுக்குக் கண்ணும் உயிரும் மிஞ்சும்.

நெருப்பு வைத்துப் பார்க்கும் பழைய சோதனையையும் விட்டுவிடுங்கள். நல்ல சாராயமும் நீலமாக எரியும், மெத்தனாலும் நீலமாக எரியும்.

உரிமம் இல்லாமல் மது தயாரிப்பது 1976-ஆம் ஆண்டுக் கலால் சட்டப்படி குற்றம். "போலீசு வருமே, மானேஜருக்குத் தெரிஞ்சிடுமே" என்ற பயத்தில் நோயாளியை வீட்டில் மறைத்து வைப்பவர்கள் உண்டு. வெளிநாட்டுத் தோழர்களுக்கு இந்தப் பயம் இன்னும் அதிகம். வழக்கு வந்தால் பிறகு பார்த்துக்கொள்ளலாம். போன கண் திரும்பி வருமா? பக்கத்து லயத்து நேப்பாளத் தம்பி விழுந்து கிடந்தாலும் நம்மவன் என்று நினைத்துத் தூக்குங்கள்.

முன்னோர் கேட்டது

1941-இல் கிள்ளானில் தொடங்கி சிலாங்கூர்த் தோட்டங்களில் பரவிய வேலைநிறுத்தத்தை நாம் மறக்கவில்லை. அன்று நம் முன்னோர் கூலி உயர்வு மட்டும் கேட்கவில்லை. பிள்ளைகளுக்கு நல்ல கல்வியும் முறையான வைத்தியமும் கேட்டார்கள், அதோடு கள்ளுக்கடைகளை மூடு என்றும் கேட்டார்கள். தலைவர் ஆர்.எச்.நாதனை நாடு கடத்தினார்கள். துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் உயிர் விட்டார்கள். உழைத்த காசும் உடம்பும் குடும்பத்துக்கே சேரட்டும் என்பதும் அவர்கள் எண்ணம்.

அந்தக் கள்ளுக்கடை வெளியே இருந்தது, மூடு என்று கேட்க முடிந்தது. இன்றோ பானை நம் அடுப்படிக்குள்ளேயே வந்து உட்காரப் பார்க்கிறது. அதை மூடச் சொல்லித் துரையிடம் மனுக் கொடுக்க முடியாது. நம் கையால்தான் மூட வேண்டும்.

இந்தப் பக்கத்தைப் படித்து முடித்ததும் எழுதப் படிக்கத் தெரியாத பெரியவர்களுக்கு வாசித்துக் காட்டுங்கள். அடுத்த சம்பள நாளுக்கு முன்பே காட்டுங்கள்!